யாருடைய கிரிப்?

ரம்மியில் நாம் இறக்கும் சீட்டை எதிரில் இருப்பவர் எடுத்தாலும் எடுப்பார், தொடாமலும் விடுவார். கிரிபேஜில் அந்தச் சலுகை கிடையாது. நாம் கழித்துப் போடும் ஒவ்வொரு சீட்டும் யாராவது ஒருவர் கணக்கில் ஏறியே தீரும். அந்த ஒருவர் நாமா, எதிராளியா என்று தெரியாமல் கையைத் தொடக்கூடாது. எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர் யார்க்‌ஷயரில் என் பக்கத்து வீட்டுப் பெரியவர்; நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறு சீட்டும் கைக்கு வந்ததும் என்னைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்பார்: “யாருடைய கிரிப்?” பதில் சொன்ன பிறகுதான் சீட்டை விரித்துப் பார்க்க விடுவார்.

ஆட்டத்தின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். இருவர் ஆடுவது. ஜோக்கர் இல்லாத 52 சீட்டு. ஆளுக்கு 6 சீட்டு. அதில் 4-ஐ வைத்துக்கொண்டு 2-ஐக் கவிழ்த்துப் போட வேண்டும். இருவரும் போட்ட நான்கு சீட்டுக்குத்தான் கிரிப் என்று பெயர். அது அந்தக் கைக்குச் சீட்டைப் பங்கிட்டவருக்குச் சொந்தம். அடுத்த முறை சீட்டைப் பங்கிடுவது மற்றவர் என்பதால் கிரிப்பும் முறை மாறும். கழித்த பிறகு கட்டை வெட்டி ஒரு சீட்டைத் திறந்து வைப்பார்கள். என் கை, எதிராளி கை, கிரிப் மூன்றுக்கும் அது பொதுவான ஐந்தாவது சீட்டு.

புள்ளிகள் இப்படி வரும். படச் சீட்டுக்கு மதிப்பு 10, ஏஸுக்கு 1. கூட்டினால் 15 வரும் ஒவ்வொரு சேர்க்கைக்கும் 2 புள்ளி. ஜோடிக்கு 2, ஒரே எண் மூன்று சேர்ந்தால் 6, நான்கு சேர்ந்தால் 12. மூன்று சீட்டு வரிசைக்கு 3, நான்கு சீட்டு வரிசைக்கு 4. கையில் இருக்கும் நான்கும் ஒரே வகையாக, அதாவது எல்லாம் ஹார்ட்டினாகவோ எல்லாம் ஸ்பேடாகவோ இருந்தால் 4. முதலில் இருவரும் மாறி மாறிச் சீட்டை இறக்கி, 31-ஐத் தாண்டாமல் கூட்டிக்கொண்டே போய்ப் புள்ளி எடுப்பார்கள். பிறகு கையை எண்ணுவார்கள். “பதினைந்துக்கு இரண்டு, பதினைந்துக்கு நாலு, ஜோடியோடு ஆறு” என்று பாட்டுப்போல வாய்விட்டுச் சொல்லி, துளைகள் போட்ட மரப்பலகையில் குச்சியை நகர்த்துவார்கள். பல பப்களில் தீக்குச்சியே போதும். 121-ஐ முதலில் தொட்டவர் வென்றவர்.

இது இங்கிலாந்தில் பிறந்த ஆட்டம். 17-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சர் ஜான் சக்லிங் உருவாக்கியது என்று ஜான் ஆப்ரி எழுதி வைத்திருக்கிறார். ‘நாடி’ என்ற பழைய ஆட்டம் ஒன்றிலிருந்து அது வளர்ந்தது. தொடக்கத்தில் ஆளுக்கு 5 சீட்டுதான். 6 சீட்டு பின்னால் வந்த மாற்றம். 5 ஆனாலும் 6 ஆனாலும் இரண்டைக் கழித்துக் கிரிப்பில் போடும் ஏற்பாடு மட்டும் மாறவில்லை. ஆட்டத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். டிக்கன்ஸின் ‘தி ஓல்ட் கியூரியாசிட்டி ஷாப்’ நாவலில் டிக் ஸ்விவெல்லர் ஒரு சின்ன வேலைக்காரப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுப்பது இந்த ஆட்டத்தைத்தான். பிரிட்டனின் 1968-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம், பப்பில் ஆடலாம் என்று பெயர் சொல்லி அனுமதித்தவை டாமினோவும் கிரிபேஜும்தான்.

இப்போது கையில் ஆறு சீட்டு இருக்கிறது. அதில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 15 வழிகள். புதிதாக ஆடுபவர்கள், எந்த நான்கில் அதிகப் புள்ளி என்று பார்த்து அதை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடுகிறார்கள். அது பாதிக் கணக்குதான். கையில் நிற்கும் புள்ளியோடு, கிரிப் நம்முடையதானால் நாம் போடும் இரண்டு சீட்டின் மதிப்பைக் கூட்ட வேண்டும். எதிராளியுடையதானால் கழிக்க வேண்டும். கூட்டிக் கழித்து வருவதுதான் அந்தக் கையின் உண்மையான மதிப்பு.

ஒரு கையை எடுத்துப் பார்ப்போம்: 4, 5, 6, 9, 9, ராஜா. 4, 5, 6 மூன்றையும் பிரிக்கக்கூடாது. மூன்றும் சேர்ந்தால் 15, அதற்கு 2, வரிசைக்கு 3. நான்காவது சீட்டாக ராஜாவை வைத்தால் 5-ம் ராஜாவும் 15, இன்னொரு 2. மொத்தம் 7. ராஜாவுக்குப் பதில் ஒரு 9-ஐ வைத்தால் 6-ம் 9-ம் 15, அதுவும் 2. அப்போதும் மொத்தம் 7. கையில் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் கழிப்பதில் இருக்கிறது. ராஜாவை வைத்தால் 9, 9 கிரிப்புக்குப் போகும். ஜோடி என்பதால் எதுவும் திறப்பதற்கு முன்பே 2 புள்ளி உறுதி, மூன்றாவது 9 வந்து சேர்ந்தால் 6. ஒரு 9-ஐ வைத்தால் 9, ராஜா போகும். அவை ஒன்றோடொன்று எந்த வகையிலும் சேராத சீட்டுகள். ஆகவே கிரிப் நம்முடையது என்றால் இரண்டு 9-ஐயும் போட வேண்டும். எதிராளியுடையது என்றால் 9-ஐயும் ராஜாவையும் போட வேண்டும். அதே ஆறு சீட்டு, கையில் அதே 7 புள்ளி, விடை மட்டும் வேறு. “யாருடைய கிரிப்?” என்ற கேள்வியின் எடை இதுதான்.

நம் கிரிப்புக்குப் போடத் தகுந்த சீட்டுகளில் முதலில் நிற்பது 5. காரணம் எளிது. 10, ஜாக்கி, ராணி, ராஜா என்று பத்து மதிப்புள்ள சீட்டுகள் கட்டில் 16. அவற்றில் எது வந்தாலும் 5-ஓடு சேர்ந்து 15 ஆகிவிடும். அதே காரணத்தால், கூட்டினால் 5 வரும் இரட்டைகளும் நல்லவை: 2-ம் 3-ம், ஏஸும் 4-ம். 2, 3 கூடுதலாக அடுத்தடுத்த எண்கள் என்பதால் வரிசைக்கும் வழி திறக்கும். 7-ம் 8-ம் சேர்ந்தால் உடனே 15. பக்கத்துப் பக்கத்து எண்களும் கூட. எந்த ஜோடியும் நம் கிரிப்புக்கு நல்லதே.

எதிராளியின் கிரிப்புக்கு இவை அத்தனையும் நஞ்சு. 5-ஐக் கொடுக்காதே, ஜோடியைக் கொடுக்காதே, அடுத்தடுத்த எண்களைக் கொடுக்காதே. தள்ளித் தள்ளி நிற்கும் இரண்டைக் கொடு. ராஜாவோடு 10, அல்லது ராஜாவோடு 9 பாதுகாப்பானவை. ராஜாவுக்கு மேலே சீட்டு கிடையாது. ஏஸ் 1-ஆகத்தான் எண்ணப்படும், ராஜாவுக்குப் பின்னால் வந்து வரிசையில் சேராது. அதனால் ராஜாவை வைத்து வரிசை கட்ட ஒரு பக்கம்தான் வழி உண்டு. ஒரே வகையில் இரண்டு கொடுக்காமல் ஒரு ஹார்ட்டின், ஒரு கிளாவர் என்று மாற்றிக் கொடுத்தால், ஐந்தும் ஒரே வகையாக அமைந்து கிரிப்பில் புள்ளி ஏறும் வழியும் அடைபட்டுவிடும். ஜாக்கியா ராணியா என்ற நிலையில் மற்றதெல்லாம் சமமென்றால் ராணியைத்தான் கொடுக்க வேண்டும். வெட்டித் திறந்த சீட்டும் ஜாக்கியும் ஒரே வகையாக அமைந்தால், ஜாக்கியை வைத்திருப்பவருக்கு 1 புள்ளி கிடைக்கும். அந்த வாய்ப்பை எதிராளிக்கு ஏன் தர வேண்டும்? நாற்பது நிமிடம் ஆடி 121-க்கு 120 என்று முடிந்த ஆட்டங்களைப் பார்த்தவர்கள் இந்த 1 புள்ளியை அற்பமாக நினைக்க மாட்டார்கள்.

எதிராளியும் இதே கணக்கைத்தான் போடுகிறார் என்பதை மறக்கக்கூடாது. என் கிரிப் என்றால் அவர் எனக்கு உதவாத சீட்டாகப் பார்த்துத்தான் போடுவார். அதனால்தான், கையிலும் நான்கு சீட்டு, கிரிப்பிலும் நான்கு சீட்டு என்றாலும் இரண்டின் விளைச்சல் ஒன்றல்ல. நன்றாக ஆடுபவர் கை சராசரியாக 8 புள்ளியை ஒட்டி வரும். கிரிப்பின் சராசரி 5-க்குச் சற்றுக் குறைவுதான். கிரிப்பை நம்பி, கையில் உறுதியாக நிற்கும் புள்ளிகளை உடைக்கக்கூடாது என்று பெரியவர் சொல்வதன் பொருள் இதுதான். கிரிப் ஆசை ஓர் அளவோடு இருக்க வேண்டும்.

ஒரே வகை நான்கு சீட்டு கண்ணைப் பறிக்கும். ஆனால் அதன் விலை 4 புள்ளிதான். அந்த நான்கைக் காப்பாற்றுவதற்காக 7, 8 சேர்க்கையையோ ஒரு ஜோடியையோ பிரித்து எதிராளிக்குக் கொடுத்தால் லாபம் அங்கேயே கரைந்துவிடும். கழிப்பதற்கு முன் இரண்டு பக்கமும் கூட்டிப் பார்ப்பவர்கள் இதில் சிக்க மாட்டார்கள்.

இறக்கும் ஆட்டத்தையும் மனதில் வைத்துக் கழிக்க வேண்டும். முதல் சீட்டை இறக்குவது கிரிப் இல்லாதவர். அவர் 4 அல்லது அதற்குக் கீழான சீட்டை இறக்கினால், எதிராளி என்ன போட்டாலும் 15-ஐத் தொட முடியாது, அதிகபட்சம் 14-தான். 5-ஐ இறக்கினால் எந்தப் படச் சீட்டும் 15 ஆக்கி 2 புள்ளி எடுத்துவிடும். எனவே கிரிப் நம்முடையதல்லாத போது ஒரு சின்னச் சீட்டையாவது கையில் வைத்துக்கொள்வது நல்லது.

இத்தனை விதியும் பலகையின் தொடக்கத்துக்கும் நடுப்பகுதிக்கும்தான். பலகையின் கடைசிப் பகுதிக்கு வந்ததும் கணக்கு தலைகீழாகும். காரணம், எண்ணும் வரிசை. கிரிப் இல்லாதவர் தம் கையை முதலில் எண்ணுவார், அடுத்து சீட்டைப் பங்கிட்டவர் கை, கடைசியில்தான் கிரிப். நான் 109-ல் நிற்கிறேன், எதிராளி 100-ல், கிரிப் அவருடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கையில் 5, 5, 7, 7, 8, 8. இரண்டு 7, இரண்டு 8 வைத்தால் 15 நான்கு விதமாக வரும், அது 8. ஜோடிகள் இரண்டு, அது 4. மொத்தம் 12. எனக்குத் தேவை சரியாக 12. அப்படியானால் கிரிப்புக்கு மிக ஆபத்தான இரண்டு 5-ஐயும் தயங்காமல் எதிராளிக்கே கொடுத்துவிடலாம். அந்தக் கிரிப் எண்ணப்படும் முறை வருவதற்குள் நான் 121-ஐத் தொட்டிருப்பேன்.

மறுபக்கமும் உண்டு. கிரிப் நம்முடையது, நாம் 112-ல், எதிராளி 118-ல் என்றால், நம் கிரிப்பை எண்ணும் வாய்ப்பே அநேகமாக வராது. அவர் தம் கையை எண்ணி முடித்துவிடுவார். அங்கே கிரிப்பை அழகாக நிரப்புவதில் பயனில்லை. இறக்கும்போதே புள்ளி எடுக்கவும், அவரை எடுக்கவிடாமல் தடுக்கவும் உதவும் நான்கு சீட்டை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ள வேண்டும். ஆகவே கிரிப் யாருடையது என்பதோடு, அது எண்ணப்படுமா என்பதையும் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு கையில் வரக்கூடிய அதிகபட்சம் 29. மூன்று 5-ம் ஒரு ஜாக்கியும் கையில் இருந்து, அந்த ஜாக்கியின் வகையைச் சேர்ந்த நான்காவது 5 வெட்டில் திறக்க வேண்டும். இருவர் ஆட்டத்தில் அதற்கான வாய்ப்பு 2,16,580-ல் ஒன்று. இரண்டாம் உலகப்போரில், 1943-ல், அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் வாஹூவில் துணைத் தலைவராக இருந்த ரிச்சர்ட் ஓகேனுக்கு, கேப்டன் டட்லி மார்ட்டனோடு ஆடியபோது இந்தக் கை வந்தது. கப்பலில் இருந்தவர்கள் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்கள். ஓகேனின் பெயரைத் தாங்கிய கிரிபேஜ் பலகை ஒன்றை, அமெரிக்க பசிபிக் கடற்படையின் மிகப் பழைய நீர்மூழ்கிக் கப்பல் வைத்துக்கொள்வது வழக்கம். அது பணியிலிருந்து ஓய்வு பெறும்போது அடுத்த பழைய கப்பலுக்குக் கைமாறும்.

29 நம் முயற்சியால் வருவதில்லை. எந்த இரண்டைக் கழிப்பது என்ற முடிவு மட்டும் ஒவ்வொரு கையிலும் முழுக்க முழுக்க நம்முடையது. ஒரு தடவை சரியாகக் கழிப்பதால் கிடைப்பது ஒன்றோ இரண்டோ புள்ளிதான். அதுவே கைக்குக் கை சேர்ந்து ஆட்டத்தை முடிவு செய்கிறது. என் பெரியவர் எண்பதைத் தாண்டியும் தோற்கடிக்கக் கடினமானவராக இருப்பதற்குக் காரணம் இந்தப் பழக்கம்தான்.

ரம்மி தெரிந்த வீட்டில் கிரிபேஜ் கற்க ஒரு மாலை போதும். மரப்பலகைகூட வேண்டாம்; ஒரு சீட்டுக்கட்டு, ஒரு தாள், ஒரு பென்சில் இருந்தால் ஆடலாம். பதின்மூன்று வயதுப் பிள்ளையும் பாட்டியும் சமமாக உட்கார்ந்து ஆடக்கூடிய ஆட்டம் இது. வாய்க்கணக்கு தானாக வளரும். பந்தயம் கட்டாமல் ஆடுங்கள். ஆறு சீட்டையும் எடுத்ததும், எது நல்ல கை என்று பார்ப்பதற்கு முன்னால், கிரிப் யாருடையது என்று கேளுங்கள். அந்தப் பழக்கம் கை வந்துவிட்டால் ஆட்டத்தின் பாதியைக் கற்றுவிட்டீர்கள்.