தன்னம்பிக்கையும் மரித்தோரை எழுப்பும் கடவுளும்: 2 கொரிந்தியர் 1:8–11 குறித்து ஒரு விளக்கம்

துன்பகாலத்தில் கடவுளைச் சார்ந்திருத்தல் என்றால் என்ன என்பதைப் பவுலடியார் தம் சொந்த அனுபவத்தினின்று எடுத்துரைக்கும் பகுதி, கொரிந்தியருக்கு அவர் எழுதிய இரண்டாம் நிருபத்தின் முதலாம் அதிகாரத்தில் உள்ளது. நம் ஆலயங்களில் அடிக்கடி வாசிக்கப்படும் பகுதியே இது. ஆயினும் ஒன்பதாம் வசனத்தின் பிற்பாதியை மட்டும் தனியே பிரித்து ஆறுதல் மொழியாக்கிக்கொண்டு, அதற்கு முன் அவர் கூறும் நிலைகுலைவை நாம் விரைந்து கடந்து விடுகிறோம். அதன் விளைவை நோயாளரைச் சந்திக்கச் செல்லும் ஆயர்கள் நன்கு அறிவர். கட்டிலில் கிடப்பவர், “ஐயா, எனக்கு விசுவாசம் போதவில்லை போலும், அதனாலேயே இன்னும் சுகம் கிடைக்கவில்லை” என்கிறார். யாரோ ஒருவர் அவரிடம் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நோயின் பாரத்தோடு விசுவாசக் குறைவு என்னும் குற்றச்சாட்டையும் சுமக்கும் இவருக்குத் திருமறை சொல்வது என்ன? இக்கேள்வியை முன்வைத்தே இப்பகுதியை ஆராய்வோம்.

இந்நிருபம் ஏறத்தாழ கி.பி. 55–56ஆம் ஆண்டுகளில் மக்கெதோனியாவிலிருந்து எழுதப்பட்டது. ஆசியாவில் தமக்கு நேர்ந்த உபத்திரவத்தைப் பவுல் குறிப்பிடுகிறார். இங்கு ஆசியா என்பது எபேசுவைத் தலைமையிடமாகக் கொண்ட உரோமை மாகாணம். இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி. அங்கு நேர்ந்தது யாது? அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தில் வரும் தெமேத்திரியுவின் கலகம் எனச் சிலர் கருதுவர். ஆனால் அக்கலகத்தின்போது சீடர்கள் பவுலை அரங்கினுள் செல்லவிடாமல் தடுத்துவிட்டனர். அவர் காயமின்றியே வெளியேறினார். கடும் நோய் என்பார் சிலர். சிறைவாசம் என்பார் வேறு சிலர். பவுல் வெளிப்படையாகக் கூறாததை நாம் துருவ வேண்டியதில்லை. நிகழ்ச்சியின் விவரத்தைவிட அதன் கொடுமையின் அளவையே கொரிந்தியர் அறியவேண்டும் என அவர் விரும்புகிறார்.

அந்த அளவைக் கூற அவர் ஆளும் சொல் நம் கவனத்துக்குரியது. எட்டாம் வசனத்தில் வரும் ‘எக்ஸபொரேயோ’ என்னும் கிரேக்க வினை, வழி என்று பொருள்படும் ‘பொரொஸ்’ என்ற பெயரினின்று பிறந்தது. வழி முற்றிலும் அடைபட்டுப்போன நிலையை அது குறிக்கும். போக்கற்றுப்போதல் என நாம் தமிழில் சொல்வதற்கு இது மிக நெருங்கியது. இதே வினை இந்நிருபத்தின் 4:8இலும் வருகிறது. அங்கோ அடியார், தாம் கலக்கமடைந்தாலும் இந்நிலைக்கு வருவதில்லை என்கிறார். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இரண்டு இடங்களிலும் வெவ்வேறு சொற்கள் வருவதால், இம்முரண் தமிழ் வாசகர் கண்ணுக்குப் புலனாவதில்லை. நான்காம் அதிகாரத்தில் ‘அவ்வாறு ஆவதில்லை’ என்று எழுதியவரே, முதல் அதிகாரத்தில் ‘அவ்வாறு ஆனோம்’ என்று எழுதியிருக்கிறார்.

உரையாசிரியர் சிலர் இம்முரணைத் தணிக்கப் பெரிதும் முயல்வர். எனக்கு அது தேவையற்றதாகவே தோன்றுகிறது. பவுலின் மனம் முறியவே இல்லை என்று நிறுவுவது நமக்கு ஏன் அவ்வளவு முக்கியமாக வேண்டும்? அவர் முறிந்தார், அதை மறைக்கவும் இல்லை. அதுவும் யாரிடம் சொல்கிறார்? தம் பயணத்திட்டம் மாறியதைக் குறைகூறியவர்களிடம் (1:15–17). அவருடைய நிருபங்கள் வலிமையுள்ளவை, நேரில் பார்த்தால் அவரோ பலவீனர் என்று இகழ்ந்தோர் இருந்த சபையினிடம் (10:10). பிழைக்கும் நம்பிக்கையையே இழந்திருந்தோம் என்று அத்தகையோருக்கு எழுதுவது, எதிரியின் கையில் வாளைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். இதை அறிந்தே எழுதினார்.

அக்காலத்துக் கற்றோர் போற்றிய இலட்சியம் வேறு. ஸ்தோயிக்க ஞானியர், எது நேரினும் தன்னுள்ளேயே நிறைவு கண்டு அசையாதிருப்பவனே மேலோன் என்றனர். பவுலின் காலத்தில் வாழ்ந்த செனெக்கா அவர்களுள் தலைசிறந்தவர். (கொரிந்துவில் பவுல் எந்த அதிபதியின் நியாயாசனத்துக்கு முன் நிறுத்தப்பட்டாரோ, அந்தக் கல்லியோன் இந்தச் செனெக்காவின் உடன்பிறந்த தமையனே.) அந்த அளவுகோலின்படி, தாம் தளர்ந்ததாக ஒப்புக்கொள்ளும் பவுல் தோற்றுப்போனவர்.

ஒன்பதாம் வசனத்தில் மற்றொரு அரிய சொல் உள்ளது. பழைய மொழிபெயர்ப்பு ‘நிச்சயித்திருந்தோம்’ என ஒரே வினையில் கூறிச்செல்வதைக் கிரேக்கமூலம் ‘அப்போக்ரிமா’ என்ற பெயரால் கூறுகிறது. புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் இச்சொல் இல்லை. மரணத்தீர்ப்பு என்று இதனை மொழிபெயர்ப்பதுண்டு. எனினும் அக்காலக் கல்வெட்டுகளில் இது, விண்ணப்பம் கொண்டுவந்த தூதுக்குழுவினருக்கு ஆட்சியாளர் அளிக்கும் அதிகாரபூர்வமான மறுமொழியையே குறிக்கிறது. அப்பொருளில் நோக்கினால் வசனம் இவ்வாறு விரிகிறது: ‘இதிலிருந்து தப்ப வழியுண்டா?’ என்று பவுல் தம்மையே கேட்டார். தம் அனுபவம், துணிவு, அறிவு அனைத்தையும் கலந்தாலோசித்தார். உள்ளிருந்து வந்த மறுமொழி ‘மரணம்’ என்பதே. தன்னிடம் கேட்கக்கூடியது எல்லாம் கேட்டாயிற்று. தான் கொடுக்கக்கூடிய விடையும் வந்தாயிற்று. தம்மேல் நம்பிக்கை வையாதிருத்தல் என்று அவர் கூறுவது இவ்விடத்திலிருந்துதான்.

ஆகவே இங்குக் கண்டிக்கப்படும் தன்னம்பிக்கை யாது என்று தெளிவுபெறுவது நல்லது. தேர்வுக்குச் செல்லும் மாணவனுக்கும் நேர்முகத்துக்குச் செல்லும் இளைஞனுக்கும் நாம் ஊட்டும் ஊக்கத்தைப் பவுல் எதிர்க்கிறார் என்று கொள்ளலாகாது. கூடாரத்தொழில் செய்து தம் கைகளால் உழைத்துண்ட அவர் கூச்சமோ சோம்பலோ உடையவர் அல்லர். ‘என் இறுதி ஆதாரம் நானே’ என்னும் நிலைத்த மனப்பாங்கையே அவர் சுட்டுகிறார். இம்மனப்பாங்கு பக்தியின் ஆடையையும் உடுத்திக்கொள்ளும் என்பதே நாம் பெரிதும் கவனிக்கவேண்டியது. ‘என் விசுவாசம் உறுதியானது, அது என்னைக் காக்கும்’ என்பவர் கடவுளைச் சார்ந்திருப்பதாகத் தோன்றினும், தம் உள்ளத்தின் ஓர் ஆற்றலையே சார்ந்திருக்கிறார். அவ்வாறே, ‘உன் விசுவாசம் போதவில்லை’ என்று நோயாளியிடம் சொல்பவரும் அவரைக் கடவுளிடம் திருப்பவில்லை. மீண்டும் அவரிடமே திருப்பிவிடுகிறார். அந்தச் சகோதரன் ஏற்கெனவே தன்னுள் தேடிக் களைத்தவன். மறுபடியும் தேடு என்கிறோம்!

பவுலோ, கடவுளை ‘மரித்தோரை எழுப்புகிறவர்’ என்றே இங்குப் பெயரிடுகிறார். யூதர் நாள்தோறும் ஏறெடுக்கும் ‘பதினெட்டு வாழ்த்துகள்’ என்னும் மன்றாட்டில் இரண்டாவது வாழ்த்து, கடவுளை மரித்தோருக்கு உயிரளிப்பவராகவே போற்றுகிறது. அப்பழைய அறிக்கை, கிறிஸ்து உயிர்த்தெழுந்ததனால் பவுலுக்கு நிகழ்ந்த நிகழ்ச்சியாயிற்று. மரித்தவன் தான் எழுப்பப்படுவதற்கு எதையும் அளிக்க இயலாது. விசுவாசத்தின் அளவைக்கூட அளந்து காட்ட இயலாது. ரோமர் நான்காம் அதிகாரத்தில் ஆபிரகாமைப் பற்றி எழுதும்போதும், செத்ததற்கு ஒப்பான அவர் சரீரத்தையும் மரித்தோரை உயிர்ப்பிக்கும் கடவுளையுமே பவுல் அருகருகே வைக்கிறார். நடுவில் மூன்றாவது பொருள் ஏதுமில்லை.

இப்பெயர் வேறொரு தவறான எதிர்பார்ப்பையும் நீக்குகிறது. மரணத்தினின்று எப்போதும் தப்புவிப்பவர் என்று அவர் கூறவில்லை. பத்தாம் வசனத்தில் கடவுள் தப்புவித்தார், இனியும் தப்புவிப்பார் என்பது உண்மையே. ஆயினும் அதே பவுல், நீரோவின் காலத்தில் உரோமாபுரியில் இரத்தசாட்சியாக மரித்தார் என்பது திருச்சபையின் தொன்மையான மரபு. அன்று கடவுள் அவரைக் கைவிட்டாரா? ஆசியாவில் அவர் பற்றிக்கொண்ட நம்பிக்கை, தப்பிப்பிழைத்தலை மட்டும் எதிர்நோக்கியதாயின் உரோமாபுரியில் அது பொய்த்திருக்கும்.

இனி, கடவுளைச் சார்ந்திருப்பவர் மருத்துவரையும் மருந்தையும் நாடலாமா என்று சில சபைகளில் இன்றும் கேட்கப்படுகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரமே இதற்குப் போதுமானது. புயலில் அகப்பட்ட கப்பலில் இருந்த 276 பேரில் ஒருவரும் அழியார் என்ற வாக்குத்தத்தத்தைப் பவுல் தேவதூதனிடமிருந்து பெற்றிருந்தார். ஆனாலும் கப்பலாட்கள் படகை இறக்கித் தப்பியோட முயன்றபோது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று நூற்றுக்கு அதிபதியை எச்சரித்தார். பதினான்கு நாள் பட்டினி கிடந்தோரை உணவு உண்ணும்படி வேண்டினார். ஏசாயா 22:11இலும் எருசலேம் மக்கள் நீர்த்தேக்கம் அமைத்தது குற்றமாகச் சொல்லப்படவில்லை. அதை அமைத்தவர்கள் நகரைப் படைத்தவரை நோக்கவில்லை என்பதே தீர்க்கதரிசியின் வழக்கு.

பதினோராம் வசனத்தையும் விட்டுவிடலாகாது. ‘சுனுபூர்கெயோ’ என்னும் கூட்டுச்சொல்லில் ‘உடன்’, ‘கீழிருந்து’, ‘உழைப்பு’ ஆகிய மூன்று கூறுகள் இணைந்துள்ளன. பாரத்தின் கீழே தோள்கொடுத்துச் சேர்ந்து தூக்குதல் எனலாம். கொரிந்தியரின் மன்றாட்டையே பவுல் இவ்வாறு குறிப்பிடுகிறார். தம்மைச் சார்ந்திராதவர், தம்மோடு மனத்தாங்கல் கொண்டிருந்த ஒரு சபையின் மன்றாட்டைச் சார்ந்திருக்கத் தயங்கவில்லை. துரோவாவில் தீத்துவைக் காணாமல் அவர் ஆவிக்கு அமைதியில்லை (2:13). பின்னர், தாழ்த்தப்பட்டோருக்கு ஆறுதல் அளிக்கும் கடவுள் தீத்துவின் வருகையினால் தமக்கு ஆறுதல் அளித்தார் என்று எழுதுகிறார் (7:6). கடவுளின் ஆறுதல், நெடும்பயணத்தில் களைத்து வந்து கதவைத் தட்டிய ஒரு நண்பனின் உருவில் வந்தது.

நோயாளியின் கட்டிலண்டை நிற்கும் ஆயர், ‘இன்னும் உறுதியாக விசுவாசியுங்கள்’ என்று சொல்வதற்கு மாறாக, ‘உங்களால் மன்றாட இயலாத இந்நாள்களில் நாங்கள் மன்றாடுகிறோம்; நீங்கள் உறங்குங்கள்’ என்று சொல்லலாம். அதன்பின் அவருடைய பெயரை ஞாயிறு ஆராதனையின் பொதுமன்றாட்டில் சேர்ப்பதற்கு மறவாமல் எழுதிக்கொள்ளலாம்.