எங்கே திருப்பினாலும் அதே பாட்டு

தனியார் எஃப்.எம். வந்து சுமார் கால் நூற்றாண்டாகிறது. அலுத்துப்போன நேயர்கள் கைபேசிக்கும் பாட்டுப்பெட்டிக்கும் தாவுகிறார்கள். கோளாறு ரசனையில் இல்லை, உரிமத்தில் இருக்கிறது.

காலை ஒன்பது மணி. தில்லி ரிங் ரோட்டில் வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகர்கின்றன. ஒரு காரின் வானொலியில் புதிய இந்திப் படப்பாட்டு ஒன்று முடிந்து விளம்பரங்கள் தொடங்குகின்றன: அடுக்குமாடி வீடு, பயிற்சி நிலையம், தங்க நகை, மறுபடியும் அடுக்குமாடி வீடு. ஓட்டுபவர் பொத்தானை அழுத்துகிறார். அடுத்த நிலையத்திலும் விளம்பரம். அதற்கடுத்ததில் ஓர் அறிவிப்பாளர் யாரோ ஒரு அப்பாவிக்குப் போன் செய்து, குரலை மாற்றிப் பேசிக் கலாட்டா செய்துகொண்டிருக்கிறார். நான்காவதில் பாட்டு வருகிறது. முதலில் கேட்ட அதே பாட்டு.

மாநகராட்சிக் கூட்டத்தில் நேற்று என்ன நடந்தது என்பதை மட்டும் இந்த நான்கில் எதுவும் சொல்லாது. சொந்தமாகச் செய்தி சேகரித்துச் சொல்ல அவற்றுக்கு அனுமதியில்லை.

மும்பையிலும் லக்னோவிலும் பெங்களூரிலும் சென்னையிலும் இதே கதைதான். பாட்டின் மொழி மாறும், அவ்வளவே. "எஃப்.எம். கேட்பதை விட்டுவிட்டேன்" என்பது நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தினர் சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் வாசகமாகிவிட்டது. வழக்கமாகப் பழி விழுவது அறிவிப்பாளர்களின் தலையில்: மூச்சுவிடாமல் பேசுகிறார்கள், மொழியைக் கொலை செய்கிறார்கள், எதற்கெடுத்தாலும் சிரிக்கிறார்கள். பாதி உண்மைதான். ஆனால் இரண்டு பாட்டுகளுக்கு இடையே அரை நிமிடம் கொடுத்து, அரசியல் பேசாதே, செய்தி சொல்லாதே, நேயரை நிலையம் மாற்ற விடாதே என்று உத்தரவு போட்டால், சாட்சாத் அமீன் சயானியே வந்தாலும் சிரிப்பதைத் தவிர வேறென்ன செய்வார்?

எஃப்.எம்.மின் தொடக்கம் இப்படி இருக்கவில்லை. நாட்டின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பை 1977 ஜூலையில் சென்னையில் தொடங்கியது அகில இந்திய வானொலி. மத்திய அலையின் கரகரப்பு இல்லாமல் சங்கீதம் கேட்கலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. 1993ல் தனியாருக்கு நேரம் விற்கப்பட்டது. நிலையம் அரசுடையது, சில மணி நேரம் மட்டும் தனியாருடையது. 1995 பிப்ரவரியில் வந்தது உச்ச நீதிமன்றத்தின் புகழ்பெற்ற தீர்ப்பு. 1993ல் நடந்த ஹீரோ கோப்பை கிரிக்கெட் போட்டியை யார் ஒளிபரப்புவது என்ற சண்டையில் பிறந்த வழக்கு அது. வான் அலைகள் பொதுச் சொத்து, பொது நன்மைக்காகவே அவை பயன்பட வேண்டும், அரசின் ஏகபோகமாக இருக்கக் கூடாது, ஒரு சுதந்திரமான பொது அமைப்பு அவற்றை நிர்வகிக்க வேண்டும் என்றார்கள் நீதிபதிகள்.

பொதுச் சொத்து என்ற வார்த்தையைக் கேட்டதும் அரசுக்கு ஏலம் நினைவுக்கு வந்தது. 40 நகரங்களில் 108 அலைவரிசைகள் ஏலத்துக்கு வந்தன. உற்சாகத்தில் கையைத் தூக்கியவர்கள் பலர், கணக்குப் போட்டுப் பார்த்ததும் ஓடிவிட்டார்கள். வருமானம் வந்தாலும் வராவிட்டாலும் கட்டணம் கட்ட வேண்டும், அதுவும் ஆண்டுக்கு 15 சதவிகிதம் ஏறிக்கொண்டே போகும் என்பது நிபந்தனை. 2001 ஜூலையில் பெங்களூரில் முதல் தனியார் நிலையம் ஒலித்தது. 108ல் நிலைத்து நின்றவை சுமார் இருபதுதான். 2005ல் அரசு சற்று இறங்கிவந்து, ஒருமுறை நுழைவுக் கட்டணம், பிறகு வருமானத்தில் 4 சதவிகிதம் என்று மாற்றியது. அதற்குப் பின்தான் சிறு நகரங்களுக்கும் எஃப்.எம். பரவியது. ஆனால் பெருநகரங்களில் ஏலத்தின் சூடு தணியவில்லை. 2015ல் தில்லியின் ஒரே ஒரு அலைவரிசை சுமார் 169 கோடி ரூபாய்க்குப் போயிற்று. காலம் 15 ஆண்டுகள்.

இவ்வளவு பணம் கொட்டியவர் அமாவாசைக்கு ஒருமுறை கஜல் கேட்பவருக்காகவா நிலையம் நடத்துவார்? அவருக்குக் கூட்டம் வேண்டும். கூட்டத்துக்கு எது பிடிக்கும் என்று ஆள்வைத்துச் சோதிக்கிறார்கள். பாட்டின் சில விநாடிகளைப் போட்டுக் காட்டி மதிப்பெண் வாங்குகிறார்கள். தேறிய சில நூறு பாட்டுகள் கணினியில் சுழல்கின்றன. எல்லா நிலையமும் ஒரே கூட்டத்திடம் ஒரே கேள்வியைக் கேட்டால் ஒரே பதில்தானே வரும்? மேலும், பாட்டு மலிவான சரக்கு. இசை நிறுவனங்களுக்கு நிகர விளம்பர வருமானத்தில் 2 சதவிகிதம் கொடுத்தால் போதும் என்று 2010ல் காப்புரிமை வாரியம் தீர்ப்பளித்தது. பத்தாண்டுகள் அந்தக் கணக்கே நடந்தது. நிருபருக்கோ மாதச் சம்பளம் வேண்டும். அதோடு, அவர் கொண்டுவருவதை ஒலிபரப்பவும் முடியாது.

இந்தத் தடைதான் விவகாரத்தின் மையம். தெருவுக்குத் தெரு செய்திச் சேனல்கள் இரவு முழுக்கக் கூச்சலிடும் நாட்டில், தனியார் வானொலி மட்டும் செய்தி சொல்லக் கூடாது. 2011ன் கொள்கை ஒரு சலுகை தந்தது: அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கையை ஓர் எழுத்தும் மாற்றாமல் அப்படியே மறு ஒலிபரப்பு செய்யலாம். போக்குவரத்து நெரிசல், வானிலை, தேர்வு முடிவு, விளையாட்டு வர்ணனை, குடிநீர் மின்சார அறிவிப்புகள் ஆகியவை செய்தியல்ல என்று விளக்கமும் சொல்லப்பட்டது. குழாயில் தண்ணீர் வராது என்று சொல்லலாம்; ஏன் வரவில்லை என்று விசாரிக்கப் போனால் வம்பு. 2013ல் காமன் காஸ் என்ற தன்னார்வ அமைப்பு இத்தடையை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நாடெங்கும் ஒலிப்பதைக் கண்காணிக்க வழியில்லை, பாதுகாப்புக்கு ஆபத்து என்பது அரசுத் தரப்பின் வாதம். மணிக்குப் பத்து நிமிடம் செய்தி அனுமதிக்கலாம் என்று 2023 செப்டம்பரில் டிராய் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 234 புதிய நகரங்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் தந்தது. செய்தி பற்றிய பேச்சு அந்த முடிவில் இல்லை.

நேயர் தப்பி ஓடுவது இது முதல் முறையல்ல. 1952ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களைக் கெடுக்கிறது என்று முகம் சுளித்தார். அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டு மறைந்தது. மக்கள் திருந்திவிடவில்லை, முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். அங்கே அமீன் சயானி வாராவாரம் பினாகா கீத்மாலா நடத்தினார், விளம்பரப் பணம் கொழும்புக்குப் போயிற்று. விழித்துக்கொண்டு 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்க வேண்டிவந்தது. அன்று சினிமாப் பாட்டு கிடைக்காததால் ஓடினார்கள். இன்று அதைத் தவிர வேறொன்றும் கிடைக்காததால் ஓடுகிறார்கள்.

டிஜிட்டல் தப்பியோட்டங்களில் சோகமானது வேர்ல்ட்ஸ்பேஸ். 2000ல் ஏவப்பட்ட ஏஷியாஸ்டார் செயற்கைக்கோளிலிருந்து நேராக வீட்டுக்கு வந்த கட்டண வானொலி. ஜன்னலோரத்தில் வானத்தைப் பார்த்து ஆன்டெனா வைக்க வேண்டும். கர்நாடக இசைக்கு ஸ்ருதி, இந்துஸ்தானிக்கு கந்தர்வ், தமிழுக்கு கே.எல். ரேடியோ என்று தனித்தனி அலைவரிசைகள். அதன் அடையாள இசையை அமைத்தவர் ஏ.ஆர். ரஹ்மான். நல்ல பாட்டுக்குக் காசு கொடுப்பவர்கள் இந்தியாவில் உண்டு என்பதை அது நிரூபித்தது. உலகெங்கும் இருந்த அதன் சந்தாதாரர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள். ஆனால் தாய் நிறுவனம் 2008 அக்டோபரில் அமெரிக்காவில் திவாலாயிற்று. 2009 டிசம்பர் 31ஆம் தேதியோடு இந்தியாவில் ஒலி நின்றது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய கருவிகள் அலமாரியில் பொம்மைகளாயின.

2016ல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும் கைபேசியே வானொலியாகிவிட்டது. சாவன், கானா, 2019ல் ஸ்பாட்டிஃபை. கோடிக்கணக்கான பாட்டுகள். ஆனால் சந்தா கட்டாதவருக்கு இங்கேயும் விளம்பரம் உண்டு, நேற்று நீங்கள் கேட்டதை வைத்து இன்று எதைக் கேட்பீர்கள் என்று இயந்திரம் தீர்மானிக்கும். இன்னொரு பக்கம், பாட்டைத் தேடித் தட்டவே அலுப்புப்படும் மூத்த தலைமுறையைச் சரேகமா நிறுவனம் சரியாகக் கணித்தது. 2017ல் அது வெளியிட்ட கார்வான், 5,000 பழைய பாட்டுகளை உள்ளே அடைத்து, பழைய டிரான்சிஸ்டரின் வடிவத்தில் வந்த பெட்டி. சுமார் ஆறாயிரம் ரூபாய். இந்திப் பெட்டிக்குள் அமீன் சயானியின் கீத்மாலாவும் இருந்தது. இலவசமாகக் காற்றில் வந்ததை மக்கள் பணம் கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

பேச்சுக்கும் செவ்விசைக்கும் ஏங்குவோருக்குப் பிரசார் பாரதியின் கைபேசிச் செயலி ஒரு புதையல். நாடெங்கும் உள்ள ஆகாசவாணி நிலையங்களில் இருநூறுக்கும் மேற்பட்டவை, 2016ல் தொடங்கிய ராகம் என்ற செவ்வியல் இசை அலைவரிசை உட்பட, அதில் கிடைக்கின்றன. தில்லியில் வாழும் தஞ்சாவூர்க்காரர் திருச்சி நிலையத்தைக் கேட்கலாம். இதை அரசு இன்னும் உரக்க விளம்பரப்படுத்தாதது ஏனோ.

ஆனாலும் எந்தச் செயலியும் தராத ஒன்று உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மின்சாரம் போய், கைபேசிக் கோபுரங்கள் ஓய்ந்தபோது, பாட்டரி வானொலிதான் பேசிக்கொண்டிருந்தது. எங்கே படகு வேண்டும், எங்கே சாப்பாடு இருக்கிறது என்று தனியார் எஃப்.எம். நிலையங்கள் மணிக்கணக்கில் சொல்லின. வாய்ப்புக் கொடுத்தால் என்ன செய்ய முடியும் என்பது அந்த நாட்களில் தெரிந்தது. இதற்கிடையே கைபேசித் தயாரிப்பாளர்கள் எஃப்.எம். வசதியைச் சத்தமில்லாமல் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள். அதை முடக்கக் கூடாது என்று 2023 ஏப்ரலில் மத்திய அரசு அறிவுரை அனுப்ப வேண்டியிருந்தது.

இப்போது டிஜிட்டல் வானொலி வரப்போகிறது என்கிறார்கள். 13 பெரிய நகரங்களில் தனியாருக்கு இதை அனுமதிக்கலாம் என்று 2025 அக்டோபரில் டிராய் பரிந்துரைத்தது. ஒரே அலைவரிசையில் பழைய எஃப்.எம். ஒன்று, அதோடு டிஜிட்டல் நிலையங்கள் மூன்று. கணக்குப்படி ஒருவர் நான்கு விதமாக ஒலிக்கலாம்: ஒன்றில் சினிமா, ஒன்றில் நாட்டுப்புறம், ஒன்றில் பேச்சு. செய்தித் தடையும் ஏலச் சுமையும் இப்படியே நீடித்தால் நான்கிலும் அதே சில நூறு பாட்டுகள் சுழல்வதற்கும் தடையில்லை.

அகில இந்திய வானொலி இதில் முன்பே இறங்கிவிட்டது. டி.ஆர்.எம். என்ற முறையில் முப்பதுக்கும் மேற்பட்ட மத்திய அலை ஒலிபரப்பிகளை அது டிஜிட்டலாக்கியிருக்கிறது. வாங்குவதற்குக் கடையில் பெட்டிதான் கிடைப்பதில்லை. லட்சக்கணக்கான புதுக் கார்களில் மட்டும் அது பொருத்தியே வருகிறது. ரிங் ரோட்டில் பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பவரின் காரிலும் இருக்கலாம். விற்றவர் அதைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்.