அங்கீகாரமும் வழியும்

குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டு எடுக்கிற கடைத் திண்ணையில் பால்வெட்டும் தோழர் ஒருவர் கேட்டார்: “சாரே, பாலஸ்தீனத்த ஒரு நாடுண்ணு நாம ஒத்துக்கிட்டோமா, இல்லியா?” ஒத்துக்கொண்டு பல வருஷமாச்சு என்றேன். “பின்ன எதுக்கு ஓட்டு போடாம இருந்தாவ?” காஸா போர்நிறுத்தத் தீர்மானத்தில் 2023 அக்டோபர் 27 அன்று ஐ.நா. பொதுச்சபையில் இந்தியா ஒதுங்கி நின்றதைத்தான் சொன்னார்.

‘அங்கீகாரம்’, ‘உறவு’ இரண்டையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். அரசுகள் குழப்பிக்கொள்வதில்லை. இஸ்ரேலை இந்தியா 1950இல் அங்கீகரித்தது. முழு ராஜிய உறவு 1992இல்தான். இடைப்பட்ட காலத்தில் பம்பாயில் ஒரு துணைத்தூதரகம் மட்டும். அங்கீகாரம் உண்டு, உறவு பாதி.

பாலஸ்தீன விஷயம் தலைகீழ். 1974இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை அம்மக்களின் ஒரே நியாயமான பிரதிநிதியாக ஏற்றது இந்தியா. அரபு நாடல்லாத நாடுகளில் இதுவே முதலாவது. 1975இல் தில்லியில் அதற்கு அலுவலகம், 1980இல் முழு ராஜிய அந்தஸ்து, 1988இல் பாலஸ்தீன அரசுக்கே அங்கீகாரம். எல்லாம் சரி, ஆனால் அந்த அரசின் கையில் அன்று ஒரு சாண் மண்கூட இல்லை. (அந்த வருஷங்களை நம் தோழர்கள் பொற்காலமாகப் பேசுவதுண்டு. 1973க்குப் பிந்தைய எண்ணெய்க் கணக்கும் அதில் இருந்தது என்றால் கோபம் வரும்.)

இதைச் சொன்னதும் தோழர் சிரித்தார். “பத்திரம் நம்ம பேர்ல, வெளைக்குப் போற வழி அடுத்தவன் பறம்புல. அப்பிடித்தானே?”

அப்படியேதான். ஒஸ்லோவுக்குப் பிறகு 1996இல் இந்தியா காஸாவில் அலுவலகம் திறந்தது; 2003இல் அது ரமல்லாவுக்குப் போனது. தில்லியில் பாலஸ்தீனத் தூதரகம் இருக்கிறது. ரமல்லாவில் இருப்பதன் பெயரோ ‘பிரதிநிதி அலுவலகம்’. ஜோர்தானிலிருந்து பாலம் கடந்து போனாலும் இஸ்ரேல் காவலைத் தாண்டாமல் அங்கே போக முடியாது.

கொடுத்த அங்கீகாரத்தை இந்தியா இதுவரை திரும்பப் பெறவில்லை. பெற வேண்டிய தேவையுமில்லை. அது காகிதத்தில் இருக்கும்வரை, ஓட்டுகளை இஷ்டம்போல மாற்றலாம். 2023 டிசம்பரில் போர்நிறுத்தத்துக்கு ஆதரவு, 2025 ஜூனில் மீண்டும் ஒதுங்கல், செப்டம்பரில் இரு நாட்டுத் தீர்வுக்கு ஆதரவு. இஸ்ரேலோடு உள்ள ஆயுத வியாபாரத்துக்கு இவற்றில் எதுவும் குறுக்கே வரவில்லை.

2018 பிப்ரவரியில் இந்தியப் பிரதமர் ஒருவர் முதன்முறையாக ரமல்லா போனார். அம்மானிலிருந்து, ஜோர்தான் ஹெலிகாப்டரில்.