ஒரு பிடி மொட்டைக்கறுப்பன்

ஊருக்குத் திரும்பி வந்ததும் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, ‘மாட்டை யாரு பாத்துக்கிட்டா?’ என்பதுதான். மாசக் கூட்டத்திலும் அதையே கேட்டார்கள். மாமியார் பார்த்துக்கொண்டார். ரெண்டு கறவை, ஒரு சினை மாடு, பத்துப் பன்னிரண்டு கோழி. ‘நீங்க போங்க, நான் இந்த வயசுல கப்பல் ஏறி என்னத்தப் பாக்கப் போறேன்’ என்று சொல்லிவிட்டார். அவர் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை. அதனால் அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

எங்களுக்கு ஒரே மகள், இப்போது ஆறு வயசு. அவளைக் கூட்டிக்கொண்டு இதுவரை இரண்டு பக்கத்து நாடுகளுக்குப் போயிருக்கிறோம். நாலு வயசில் பூடான். இந்த வருஷம் பங்குனியில் யாழ்ப்பாணம். கேளிக்கைப் பூங்காவுக்கும் மலை வாசஸ்தலத்துக்கும் செலவழிக்கிற காசை ரெண்டு வருஷம் சேர்த்தால் பக்கத்து நாட்டு உழவர் வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வரலாம் என்பது என் வீட்டுக்காரர் கணக்கு. அந்தக் கணக்கு முழுக்கச் சரியில்லை. யாழ்ப்பாணத்துக்கு ஒரு கிடேரிக் கன்றையும் விற்க வேண்டியிருந்தது.

பூடானைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை, குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் இருந்தால் புன்சோலிங் எல்லையில் அனுமதிச் சீட்டு தருகிறார்கள். ஆனால் ஒரு ராத்திரி தங்க ஆளுக்கு 1,200 ரூபாய் அரசுக்குக் கட்ட வேண்டும். சின்னக் குழந்தை என்பதால் மகளுக்கு அது இல்லை. ரயிலில் நியூ ஜல்பாய்குரி போய், அங்கிருந்து வேனில் எல்லை. போய்ச் சேருவதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது.

2020-க்குள் நாடு முழுக்க இயற்கை வேளாண்மைக்கு மாறிவிடும் என்று பூடான் அரசு ஒரு காலத்தில் அறிவித்ததை நம் கூட்டங்களில் எத்தனை தடவை பெருமையாகப் பேசியிருக்கிறோம்! அது நடக்கவில்லை. பாரோ பள்ளத்தாக்கில் நாங்கள் தங்கிய வீட்டு அம்மா, நெல் வயலுக்குக் களைக்கொல்லி போடுவதை ஒளிக்காமல் சொன்னார். பிள்ளைகள் ஒருத்தர் திம்புவில், ஒருத்தர் ஆஸ்திரேலியாவில். ‘களை எடுக்க யார் இருக்கா?’ என்று கேட்டார். என் வீட்டுக்காரரின் அரைகுறை இந்தியில் அதற்குப் பதில் இல்லை. தமிழிலும் இல்லை. மகளுக்கு அதெல்லாம் தெரியாது. சிவப்பரிசிச் சோறும் வெண்ணெயும் சாப்பிட்டுவிட்டுத் தெருநாய்களோடு விளையாடிக்கொண்டிருந்தாள். பூடான் என்றால் இன்றைக்கும் அவளுக்கு நாய்தான்.

யாழ்ப்பாணம் அப்படி முடியவில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் நாலு மணி நேரம். 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் திரும்ப ஓடி, மறுபடி நின்று, இப்போது ஓடுகிறது. மழைக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். எங்கள் ஊரிலிருந்து திருச்சி போவதைவிட நாகை கிட்டம். ஆனாலும் இது வேறு நாடு. மகளுக்குத் தனியாகப் பாஸ்போர்ட் எடுத்தோம், அது ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும். கப்பலில் முதல் ஒரு மணி நேரம் ஜன்னலை விட்டு நகராமல் இருந்தவள், அப்புறம் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு என் மடியில் தூங்கிப்போனாள்.

இறங்கி ஆட்டோவில் போகும்போது எழுந்துகொண்டாள். ரோட்டோரம் சுவர் மட்டும் நிற்கிற வீடுகள், உள்ளே மரம் முளைத்திருக்கிறது. ‘ஏம்மா இந்த வீட்டுக்கெல்லாம் கூரை இல்ல?’ என்றாள். நான் ‘சண்டை நடந்துச்சு’ என்றேன். ‘யாரு யாரு?’ ஆட்டோக்கார அண்ணன்தான் பேச்சை மாற்றினார்: ‘பிள்ளை, நுங்கு சாப்பிடுறீங்களோ?’

நாங்கள் தங்கியது வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர் வீட்டில். அவருடைய மாமனார் உழவர், எழுபத்தைந்து வயசுக்கு மேல். செம்மண் பூமி, அடியில் சுண்ணாம்புக் கல். வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. கிணறுதான் எல்லாம். வேலி முழுக்கக் கிளுவையும் பூவரசும். அதன் தழையை வெட்டி வெங்காயப் பாத்திக்குத் தாழ்க்கிறார்கள். காய்ந்த பனை ஓலையையும் விடுவதில்லை, குழி எடுத்துப் புதைக்கிறார்கள். நாம் கிடை போடுவது என்பதை அவர்கள் பட்டி அடைப்பது என்கிறார்கள். வேலையும் மணமும் ஒன்றுதான்.

மகளுக்கு அந்த மொழிதான் விளையாட்டு. ‘தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?’ என்று கேட்டதும் தேன் தண்ணி என்று நினைத்து ஓடிப் போய், டீயைப் பார்த்து முகம் வாடிவிட்டாள். நிலக்கடலைக்குக் கச்சான். அழகா இருக்கு என்பதற்கு வடிவா இருக்கு. குரக்கன் புட்டு வைத்தபோது ஒரு வாய் தின்றுவிட்டு, ‘ஐயே, இது கேப்பை’ என்று கண்டுபிடித்துச் சொன்னாள். வீடே சிரித்தது.

இரண்டாம் நாள் தோட்டத்துக்குப் போனோம். வரப்பில் வெள்ளைப் பூப் பூத்த செடி. ‘அம்மா, நம்ம ஊருச் செடி!’ என்று பறிக்கப் போனாள். பார்த்தீனியம். நான் கையைப் பிடித்து இழுத்தேன். பெரியவர் சிரித்துக்கொண்டே, ‘ஓம் பிள்ளை, அது உங்கட ஊர்ச் செடிதான். உங்கட ஆக்கள் கொண்டுவந்து தந்ததுதான்’ என்றார். 1987-ல் இந்தியப் படை வந்தபோது, இறைச்சிக்காகக் கூடவே கொண்டுவந்த ஆடுகளோடு வந்த விதை என்று அங்கே சொல்கிறார்கள். நமக்கே அது அமெரிக்கக் கோதுமையோடு 1950-களில் வந்ததாகத்தான் பேச்சு. அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் காது சூடாகிவிட்டது.

அன்று மாலை என் வீட்டுக்காரர் 2021-ஐப் பற்றிக் கேட்டார். நாம் எல்லாரும் வாங்கிக் கட்டிக்கொண்ட விஷயம் அது. ‘இலங்கையைப் பாத்தீங்கள்ல, இயற்கை விவசாயம் பண்ணி நாடே திவாலாச்சு’ என்று டீக்கடையில் கேட்காத ஆள் கிடையாது. அந்த வருஷம் ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதியைத் தடுப்பதாக அரசு அறிவித்தது. நவம்பரில் தடையை எடுத்தது. பெரியவர் சொன்னதை நினைவில் உள்ளபடி எழுதுகிறேன்.

‘தம்பி, என்ர நெல்லுக்கு நான் ஒருநாளும் யூரியா போட்டதில்லை. ஆனா வெங்காயத்துக்குப் போட்டனான். சனம் முப்பது நாப்பது வருசமாப் போட்டுப் பழகின மண். ஒரு போகத்துக்குள்ளை மாறு எண்டா மண் மாறுமோ? மாடு எங்க? குப்பை எங்க? பக்கத்துக் காணிக்காரனுக்குப் பாதி விளைச்சலும் வரேல்லை. பிறகு உரம் வந்தது, விலை கிட்ட நெருங்கேலாது. அவன் இப்ப இயற்கை எண்ட சொல்லைக் கேட்டாலே எழும்பிப் போயிடுவான்.’

இயற்கை உரம் என்று சீனாவிலிருந்து கப்பலில் வந்ததைக் கிருமி இருக்கிறது என்று இறக்க விடாமல் திருப்பிய கதையையும் சொன்னார். இறக்காத சரக்குக்கு நாடு காசு கட்டிய கதை அது. ‘அந்த ஒண்டையாவது மறிச்சாங்கள்’ என்றார்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் மகளைக் கூப்பிட்டு, மண்பானையில் கை விட்டு ஒரு பிடி நெல் எடுத்து அவள் கையில் கொட்டினார். மொட்டைக்கறுப்பன். யாழ்ப்பாணத்துப் பழைய நெல், சிவப்பரிசி. கஞ்சிக்கும் புட்டுக்கும் இதற்கு ஈடில்லை. 1990-ல் வலிகாமம் வடக்கிலிருந்து சனம் எல்லாம் எழும்பியபோது, அவர் வீட்டிலிருந்து எடுத்து வந்தவற்றில் இதுவும் ஒன்று. காணி பல வருஷம் கழித்துத்தான் திரும்பக் கிடைத்தது. நாலு இடம் மாறியிருக்கிறார். விதைநெல்லைச் சும்மா வைத்திருந்தால் செத்துப்போகும் என்று நமக்குத் தெரியும். இருந்த இடத்தில் எல்லாம் யாருடைய நிலத்திலாவது கேட்டு, வருஷம் ஒரு பாத்தியாவது போட்டு எடுத்திருக்கிறார்.

மகள் அதைக் கைக்குட்டையில் முடிந்து கவுன் பையில் வைத்துக்கொண்டாள். தூங்கும்போதும் கழற்றவில்லை.

எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டில் இருக்கிற பதினோரு நெல் ரகமும் இப்படிப் பிடியாகவும் மரக்காலாகவும் வந்தவைதான். ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் அண்ணன் கொடுத்த இரண்டு கிலோவை மறுவருஷம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடுத்த கைகள் இவை. விதைக்கு எல்லை கிடையாது என்று மேடையில் நானே பேசியிருக்கிறேன். ஒரு சின்னப் பிள்ளையின் கவுன் பையை யார் சோதிக்கப் போகிறார்கள்? பயறு பச்சையோடு கொட்டி வைத்தால்கூடத் தெரியாது.

வீட்டுக்காரரை எழுப்பிச் சொன்னேன். ‘புடிச்சா இயக்கத்துக்குத்தான் கெட்ட பேரு’ என்றார். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. கண்ணுக்கு முன்னால் நின்றது வரப்பில் இருந்த அந்த வெள்ளைப் பூதான். விதை நெல்லோடு என்ன பூசணம், என்ன புழு முட்டை, என்ன களை விதை வரும் என்று வெறும் கண்ணால் பார்த்து எப்படிச் சொல்வது? படைப்புழு 2018-ல் நம் மக்காச்சோளத்துக்கு வந்தது, அதே வருஷக் கடைசியில் இலங்கைக்கும் போய்விட்டது. அது தானாகப் பறந்து போகிற பூச்சி, யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இது நான் கொண்டுபோவது.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2003-ஆம் வருஷத்து ஆணைப்படி, விதைக்கிற விதை எதுவும் வெளிநாட்டிலிருந்து வர இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டு அதிகாரிகள் தரும் பயிர்நலச் சான்றும் வேண்டும். ஆராய்ச்சிக்குப் பாரம்பரிய ரகம் கேட்டால் டெல்லியில் உள்ள தேசிய தாவர மரபு வள நிறுவனம் வழியாக வர வேண்டும். ஒரு பிடிக்கும் அதே சட்டம், ஒரு கப்பலுக்கும் அதே சட்டம். சீனக் கப்பலைத் திருப்பினது சரி என்று முந்தின நாள் தலையாட்டியவள் நான்.

காலையில் மகளிடம் சொன்னேன். முதலில் புரியவில்லை. புரிந்ததும் பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

‘கொண்டு போனா தப்பா?’

‘ஆமாம்மா.’

‘அப்ப தாத்தா தப்பு பண்ணாரா?’

இதற்கு என்ன பதில் சொல்வது? தாத்தா குடுத்தது தப்பில்லை, நாம எடுத்துட்டுப் போறதுதான் தப்பு என்றேன். அவள் நம்பவில்லை. எனக்கே அது வழவழ பதிலாகத்தான் இருந்தது.

மதியத்துக்கு மேல்தான் கப்பல். அதற்குள் ஆட்டோ பிடித்துத் தோட்டத்துக்குப் போனோம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே முடிச்சை நீட்டினாள். பெரியவர் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மனம் நொந்திருக்கும். நான் பார்த்தீனியத்தைச் சொல்லத் தொடங்கினேன். ‘விளங்குது பிள்ளை, விளங்குது’ என்று என்னை நிறுத்திவிட்டார். அப்புறம் மகளிடம் குனிந்து, ‘கிணத்தடியிலை உன்ர பேரிலை ஒரு பாத்தி போடுறன். சரியோ?’ என்றார்.

‘எப்போ போடுவீங்க?’

‘புரட்டாதி மழைக்கு.’

‘புரட்டாசியா?’

‘ஓம், அதுதான்.’

கப்பலில் நாலு மணி நேரமும் என்னோடு பேசவில்லை. அப்பாவிடம் மட்டும் பேசினாள். நாகையில் இறங்கும்போது எங்கள் பைகளைப் பெயருக்குத்தான் பார்த்தார்கள். அவள் கவுன் பக்கம் யாரும் திரும்பவே இல்லை. அதைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், இப்போது நினைத்தாலும் ஒரு மாதிரி இருக்கிறது.

குழந்தையோடு போக நினைப்பவர்கள் சம்பா அறுத்து முடித்து, உளுந்து பயறும் ஓய்ந்த பிறகு போங்கள். எங்களைப் போல விடுதியில் தங்காமல் உழவர் வீட்டில் தங்கினால் குழந்தைக்குப் பேச ஆள் கிடைக்கும். பரிசாக விதை கொண்டு போகாதீர்கள். நான் எடுத்து வைத்திருந்த மாப்பிள்ளைச் சம்பாவையும் கிளம்புமுன் வீட்டுக்காரர் பையிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டார். கைத்தறித் துண்டு நாலு கொண்டு போனோம், பெரியவர் அதைத் தலைப்பாகை கட்டித்தான் படம் எடுத்துக்கொண்டார்.

புரட்டாசிக் கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கிணற்றடியில் ஒரு பாய் அகலத்துக்குப் பாத்தி. பக்கத்தில் குச்சி நட்டு, அட்டையில் மகள் பெயர். அவள் பார்த்துவிட்டு, ‘இவ்ளோ சின்னதா?’ என்றாள். மறுநாளிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம், ‘எனக்கு யாழ்ப்பாணத்துல வயல் இருக்கு’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். பால் ஊற்ற வருகிறவரிடமும் சொல்லியாகிவிட்டது.

‘அது இருக்கட்டும்டி’ என்கிறார் என் மாமியார். ‘இங்க உள்ள வயல்ல களை மண்டிக் கிடக்கு, அதுக்கு வர்றியா?’