கிணற்றடி எஞ்சின்

நுழையும்முன்

உழவுத்தொழிலில் நாள் தவறினால் உழைப்பு வீணாகும். பல மாதங்கள் ஓய்ந்து கிடந்த இயந்திரத்தை உரிய நாளில் மீண்டும் இயக்குவதும் உழவருக்குரிய திறன்களுள் ஒன்று. அத்திறனுக்குள் இயற்பியலும் வேதியியலும் பட்டறிவும் ஒருங்கே அடங்கியுள்ளன. உயிர்காக்கும் எச்சரிக்கை ஒன்றும் அடங்கியுள்ளது.

வைகை பிறக்கும் மலைமடி

தேனி மாவட்டத்தின் தென்பகுதியில், மேகமலைக்கும் வருசநாட்டு மலைக்கும் இடையே அமைந்துள்ளது வருசநாட்டுப் பள்ளத்தாக்கு. வைகையின் பிறப்பிடம் இதுவே. மூலவைகை என்னும் பெயருடன் வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு ஆகிய ஊர்களின் வழியே அது வடக்கு நோக்கி ஓடுகிறது. மேகமலைக்கு மேற்கே இருப்பது கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே 1895ஆம் ஆண்டு முதல் பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக வந்து வயல்களை நனைக்கிறது. வருசநாட்டுக்கு அத்தகைய அணைநீர் இல்லை. 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையும் ஆற்றின் போக்கில் கீழே, ஆண்டிபட்டிக்கு அருகில் அமைந்துள்ளது. எனவே வைகை பிறக்கும் மண்ணின் உழவர், மழையையும் கிணற்றையுமே நம்பி வாழ்கின்றனர்.

வடகிழக்குப் பருவமழையின்போது மூலவைகை பெருக்கெடுக்கும். கோடையில் அதே ஆறு மணற்பரப்பாகக் காட்சியளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் கொடுத்த ஈரம் தை மாதத்தோடு வற்றத் தொடங்கும். மாசி பிறந்ததும் தென்னங்கன்றும் மிளகாய்ச் செடியும் கிணற்றுநீரை எதிர்பார்த்து நிற்கும். அந்நாளில் கிணற்றடி எஞ்சின் இயங்க மறுத்தால், மழைக்காலம் முழுவதும் வளர்த்த பயிர் சில நாள்களிலேயே வாடிவிடும்.

கமலையிலிருந்து எஞ்சினுக்கு

எஞ்சின் வருவதற்கு முன் கமலையே நீரை இறைத்தது. காளைகள் சரிவான பாதையில் இறங்க, வடக்கயிற்றில் கட்டிய சால் நீருடன் மேலெழும். கமலை பழுதானால் அதன் குறை கண்ணுக்குப் புலப்படும்; கயிறு நைந்திருக்கும், அல்லது தோல் கிழிந்திருக்கும். எஞ்சினின் குறையோ இரும்புக்குள் மறைந்திருக்கிறது. கமலையை விட்டு எஞ்சினுக்கு மாறிய உழவர், கண்ணால் காண இயலாத குறையைக் காதாலும் கையாலும் அறியும் புதியதொரு கல்வியைப் பெறவேண்டியிருந்தது.

செருமானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1892இல் தம் எஞ்சினுக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். 1897இல் அதனை வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். பின்னர் இங்கிலாந்தின் லிஸ்டர் போன்ற நிறுவனங்கள் உழவுக்கேற்ற எஞ்சின்களை உருவாக்கின. அவை மெதுவாகச் சுழல்பவை, நெடுநாள் உழைப்பவை. நம் நாட்டில் 1946இல் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின் நிறுவனம் தொடங்கப்பட்டது. சிற்றூர்களில் டீசல் எஞ்சினை 'ஆயில் எஞ்சின்' என்றே மக்கள் அழைத்தனர். 1990 முதல் தமிழ்நாட்டு உழவர்களுக்குக் கட்டணமில்லா மின்சாரம் வழங்கப்பட்டதால் பல கிணறுகளில் மின்மோட்டார்கள் இடம்பெற்றன. ஆயினும் மின்கம்பி எட்டாத இடங்களிலும் மின்சாரம் தடைப்படும் வேளைகளிலும் பழைய எஞ்சினே கைகொடுக்கிறது.

தீப்பொறி இல்லாத தீ

டீசல் எஞ்சினை எழுப்ப விரும்புபவர் முதலில் அது எவ்வாறு உயிர்பெறுகிறது என்பதை அறிதல் வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி உண்டு. டீசல் எஞ்சினில் அஃது இல்லை. சிலிண்டருக்குள் புகுந்த காற்றைப் பிஸ்டன் மிகக் குறுகிய இடத்துக்குள் அழுத்துகிறது. அழுத்தப்பட்ட காற்று 500 பாகை செல்சியசுக்கும் மேல் சூடேறுகிறது. அந்நொடியில் நாசில் வழியே நுண்துளிகளாகத் தெளிக்கப்படும் டீசல், தானே தீப்பற்றிப் பிஸ்டனைத் தள்ளுகிறது. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதி சூடாவதும் இதே காரணத்தால்தான்.

ஆகவே ஒரு டீசல் எஞ்சின் இயங்க அடிப்படையாக மூன்று வேண்டும்: தடையின்றி வரும் காற்று, கசியாத அழுத்தம், உரிய நேரத்தில் தெளிக்கப்படும் தூய எரிபொருள். எஞ்சின் இயங்கவில்லையெனில் இம்மூன்றுள் ஒன்று தவறியிருக்கிறது என்பதே பெரும்பாலும் பொருள். 'எஞ்சின் கெட்டுவிட்டது' என்னும் பெருங்கவலை, 'மூன்றுள் எது தவறியது?' என்னும் சிறு வினாவாக இங்கே மாறுகிறது.

மழைக்காலத்தின் வேலை

பனி பொழியும் நாடுகளில் குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் கிடந்த இயந்திரங்களை இளவேனிலில் எழுப்புவர். வருசநாட்டில் எஞ்சினை உறங்கவைப்பது மழையாகும். ஓய்ந்திருக்கும் இயந்திரத்தில் ஏதும் நிகழ்வதில்லை என்று எண்ணுதல் தவறு. ஈரக்காற்று இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கிறது. பாதி நிரம்பிய டீசல் தொட்டியின் உட்சுவரில் நீர்த்துளிகள் படிகின்றன. நீர் டீசலைவிட அடர்த்தி மிகுந்தது. எனவே தொட்டியின் அடியில் தேங்குகிறது. புகைக்குழாயில் குளவி மண்கூடு கட்டுகிறது. காற்று வடிகட்டிக்குள் எலி பஞ்சும் சருகும் சேர்க்கிறது. பம்பின் தோல் வாஷர்கள் உலர்ந்து சுருங்குகின்றன.

வரிசையாகக் கேட்டல்

மருத்துவருக்கு வள்ளுவர் கூறிய நெறி இங்கும் பொருந்தும். நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, அதன்பின் மருந்தைத் தேடவேண்டும். தேர்ந்த மெக்கானிக்குகளும் வந்தவுடன் எஞ்சினைப் பிரிப்பதில்லை, வரிசையாகச் சோதிக்கிறார்கள்.

முதலில் புகைக்குழாயும் காற்று வடிகட்டியும் அடைப்பின்றி உள்ளனவா எனப் பார்க்கவேண்டும். அடுத்து, வால்வைத் திறந்து வைக்கும் சிறு நெம்புகோலை உயர்த்தி, சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பவேண்டும். சக்கரம் அசையாவிட்டால் வன்மை கூடாது. பிஸ்டன் வளையங்கள் துருவினால் சிலிண்டர் சுவரைப் பற்றியிருக்கலாம். சிலிண்டருக்குள் சிறிது எண்ணெய் விட்டு ஓரிரு நாள் காத்திருந்தால் பெரும்பாலும் பிடி தளரும். வலிந்து திருப்புவோர் அந்த ஓரிரு நாளை மிச்சப்படுத்த எண்ணிப் பிஸ்டனையே இழக்க நேரும்.

மூன்றாவதாக மசகெண்ணெயைப் பார்க்கவேண்டும். அது பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது என்பது பொருள். அதனை முற்றிலும் வடித்துப் புதிய எண்ணெய் ஊற்றவேண்டும். பின்னர் டீசல் தொட்டியின் அடியில் தேங்கிய நீரையும் வண்டலையும் அகற்றி, வடிகட்டியைத் தூய்மை செய்யவேண்டும்.

இத்தனையும் செய்தபின் எஞ்சின் இயங்காவிடின், எரிபொருள் குழாயில் காற்று புகுந்திருக்கிறதா என்று ஐயுறவேண்டும். டீசலை அழுத்தினால் அது சுருங்குவதில்லை. நாசிலைத் திறந்துகொண்டு பாய்கிறது. இடையே காற்றுக்குமிழி இருந்தாலோ, பம்பின் அழுத்தம் முழுவதையும் அக்குமிழி சுருங்கி ஏற்றுக்கொள்கிறது, நாசில் திறப்பதில்லை. குழாயின் திருகைச் சிறிது தளர்த்தி, குமிழிகள் நீங்கி டீசல் மட்டும் சீராக வழியும்வரை காத்திருந்து, மீண்டும் இறுக்கவேண்டும். இப்போது சக்கரத்தைத் திருப்பினால் நாசிலிலிருந்து 'கிர்க்' என்னும் ஒலி கேட்கும். எரிபொருள் உரிய இடத்தை அடைந்தது என்பதற்கு அவ்வொலியே சான்று.

இறுதியாக, உயர்த்திய நெம்புகோலை இறக்கிச் சக்கரத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டும். அது பந்துபோல் எதிர்த்துத் தள்ளினால் அழுத்தம் நன்றாக உள்ளது. எதிர்ப்பே இல்லையெனில் வால்வோ பிஸ்டன் வளையமோ கசிகிறது. அதன்பிறகே எஞ்சினைப் பிரிக்கும் தேவை எழுகிறது.

தெரிந்து தெளிவோம்

1900ஆம் ஆண்டு பாரிசு நகரில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில் சிறிய டீசல் எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயால் இயக்கிக் காட்டப்பட்டது. தாவர எண்ணெயை எரிபொருளாக்கும் எண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதன்று.

கைப்பிடியும் புகையும்

ஹேண்டிலைச் சுற்றி எஞ்சினைத் தொடங்குவதில் ஓர் ஒழுங்கு உண்டு. நெம்புகோலை உயர்த்தி வைத்து, சக்கரம் போதிய வேகம் பெறும்வரை சுற்றவேண்டும். பின்னர் நெம்புகோலை இறக்கவேண்டும். கட்டைவிரலால் ஹேண்டிலைச் சுற்றி வளைத்துப் பிடிக்கலாகாது. ஏனைய விரல்கள் இருக்கும் பக்கத்திலேயே அதனையும் வைக்கவேண்டும். எஞ்சின் எதிர்த்திசையில் உதைத்தால் கட்டைவிரலும் மணிக்கட்டும் முறிவதைத் தடுக்கும் வழி இது. தோள்துண்டும் தளர்ந்த வேட்டியும் பெல்ட்டுக்கு அருகில் இருத்தல் கூடாது.

எஞ்சின் இயங்கத் தொடங்கியதும் அதன் புகையும் செய்தி சொல்கிறது. வெண்புகை, டீசல் முழுமையாக எரியவில்லை என்பதைக் காட்டும். எஞ்சின் சூடேறியதும் அது மறையவேண்டும். கரும்புகை, காற்று குறைந்ததையோ எரிபொருள் மிகுந்ததையோ சுமை கூடியதையோ உணர்த்தும். நீலப்புகை தொடர்ந்து வந்தால் மசகெண்ணெய் எரிகிறது என்று அறியலாம்.

பம்புக்கு முதல் தண்ணீர்

எஞ்சின் இயங்கினாலும் நீர் தானே வந்துவிடுவதில்லை. நீரைத் தொடாத பம்பு, காற்றைச் சுழற்றிக்கொண்டிருக்குமே அன்றி நீரை இழுக்காது. எனவே தொடங்குமுன் குழாயையும் பம்பையும் நீரால் நிரப்பவேண்டும். கிணற்றுக்குள் குழாயின் அடியில் உள்ள புட்வால்வு அந்நீரைத் தாங்கி நிற்கும். அதில் சருகு சிக்கியிருந்தால் ஊற்றிய நீர் முழுவதும் வழிந்துவிடும்.

பம்பு நீரை 'இழுக்கிறது' என்று நாம் சொல்கிறோம். உண்மையில் பம்பு காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியே உள்ள காற்றின் எடையே நீரை மேலே தள்ளுகிறது. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் உறிஞ்சு பம்புகள் ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் நீரை உயர்த்தாததைக் கண்டு அறிஞர் வியந்தனர். காற்றுக்கு எடை உண்டு என்பதைக் கொண்டு டாரிசெல்லி அதற்கு விளக்கம் தந்தார். உராய்வும் கசிவும் உள்ள நடைமுறையில் அந்த உயரம் 6 அல்லது 7 மீட்டராகக் குறைகிறது. எவ்வளவு ஆற்றல் மிக்க எஞ்சினாலும் இவ்வெல்லையை மாற்ற இயலாது.

கிணற்றுக்குள் எஞ்சின்

பெரும் இடர் தொடங்குவது இவ்விடத்தில்தான். பங்குனி, சித்திரையில் நீர்மட்டம் தாழும். மேலே உள்ள பம்புக்கு நீர் எட்டாது. அப்போது எஞ்சினையும் பம்பையும் கயிறுகட்டிக் கிணற்றுக்குள் உள்ள திட்டில் இறக்கி இயக்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்து வந்துள்ளது. தூர்வாரும்போதும் இவ்வாறு செய்வதுண்டு. பயிரைக் காக்கும் தவிப்பில் செய்யப்படும் இச்செயல் உயிரையே பறிக்கக்கூடும்.

எரிபொருள் முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியில் உள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பிணைகிறது. தலைவலியும் மயக்கமும் வருவதற்குள் ஏணியில் ஏறும் வலிமை போய்விடும். கிணற்றில் காற்றோட்டம் குறைவு என்பதால் ஆக்சிஜனும் விரைந்து குறையும்.

கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்ப்பது முன்னோர் வழக்கம். ஆக்சிஜன் மிகவும் குறைந்திருந்தால் விளக்கு அணையும். அந்த அளவில் அச்சோதனை அறிவார்ந்தது. ஆனால் மனிதனைக் கொல்லும் அளவு கார்பன் மோனாக்சைடு இருக்கும் இடத்திலும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். கமலைக் காலத்துச் சோதனை எஞ்சின் காலத்துக்குப் போதாது. இயங்கும் எஞ்சினோடு கிணற்றுக்குள் எவரும் இருத்தல் கூடாது. எஞ்சினை நிறுத்தியதும் உடனே இறங்குதலும் கூடாது. நச்சுக்காற்று அங்கேயே தேங்கியிருக்கும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், அவரைத் தூக்க மற்றொருவர் பாய்ந்து இறங்கி அவரும் மடிவது இத்தகைய விபத்துகளில் காணப்படும் பெருந்துயர். இறங்காமல் தீயணைப்பு மீட்புப் படையினரை உடனே அழைப்பதே உயிர்காக்கும் வழியாகும். ஆழக் கிணறுகளுக்கு நீர்மூழ்கி மோட்டாரோ, எஞ்சினை மேலேயே வைத்து இயக்கும் பம்பு அமைப்போதான் ஏற்றது.

பட்டறிவும் படிப்பறிவும்

நின்றுபோன எஞ்சினைக் கண்டதும் அதனைப் பழைய இரும்புக்கடைக்கு அனுப்புவது எளிது. வரிசையாகச் சோதித்தால், பெரும்பாலும் ஒரு காற்றுக்குமிழியோ ஒரு குளவிக்கூடோதான் அதனைத் தடுத்திருக்கும். 'கிர்க்' என்னும் ஒலியைக் கேட்டுக் குறையறியும் முதியவரிடம் பட்டறிவு இருக்கிறது. அவ்வொலி ஏன் எழுகிறது என்பதையும், எரியும் விளக்கை ஏன் நம்பக்கூடாது என்பதையும் வகுப்பறை கற்பிக்கிறது. இவ்விரண்டும் கிணற்றடியில் ஒன்றுசேரும்போது மாசியில் நீர் பாயும். பாய்ச்சியவரும் நலமுடன் வீடு திரும்புவார்.