ஊர்ப் பலகாரம் – 7: கடனுக்குப் போகும் கடலைமிட்டாய்

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கெட்டுவிடுமே என்ற பயத்தைப் பார்த்தோம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு அந்தப் பயம் இல்லை. எத்தனை தூரம் வேண்டுமானாலும் போகும், வாரக்கணக்கில் தாங்கும். சிக்கலே அங்கேதான்: கெடாத சரக்கு என்பதால் கடனுக்கும் எடுக்கிறார்கள்.

சரக்கு என்று பார்த்தால் ரொம்பக் கொஞ்சம். மானாவாரிக் கடலையை வறுத்துத் தோல் நீக்கி உடைத்த பருப்பு, வெல்லம், மேலே தூவச் சாயமேற்றிய தேங்காய்த் துருவல். வித்தை முழுக்கப் பாகில் இருக்கிறது. அண்ணாச்சி ஒருவர் கொதிக்கிற பாகில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டார். இறுகியதும் கிண்ணத்தின் விளிம்பில் தட்டினார். சத்தம் சரியில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டினார், ‘டங்’ என்றது. உடனே கடலை உள்ளே. முந்தினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், மழைக்காலத்தில் நமத்துப்போகும், பிந்தினால் கசக்கும். கொட்டி, உருட்டி, சூடு ஆறுவதற்குள் கத்தியால் கீறிவிட வேண்டும்.

“ஆர்டர் கூடினா பெரிய சட்டி வைக்கலாமே?” என்றேன்.

“பதம் தப்பிப்போகும் தம்பி. இன்னொரு அடுப்புதான் வைக்கணும். அதுக்கு இன்னொரு ஆள் வேணும், கை தெரிஞ்ச ஆள்.”

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தது. தபால் துறைகூட இந்த மிட்டாயை வெளியூர்களுக்கு அனுப்பியது. அதே 2020-ல் மத்திய அரசு தொடங்கிய குறு உணவு நிறுவனங்களுக்கான திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் அறிவித்தார்கள். மெஷின் வாங்க நல்ல உதவிதான். ஆனால் மிட்டாய் போடும் கடைகளைத் திணறடிப்பது மெஷின் இல்லாத குறை அல்ல, வராத பணம்.

கடலைக்கு ரொக்கம். ஆட்களுக்குச் சனிக்கிழமை கூலி. சரக்கு எடுக்கிற பெரிய கடையோ, “பில் போடுங்க, ரெண்டு மாசத்துல செட்டில் பண்றோம்” என்கிறது. விற்காத பாக்கெட்டும் திரும்பி வரும். ஆர்டர் இரட்டிப்பானால் வெளியே நிற்கிற பணமும் இரட்டிப்பாகிறது. வட்டிக்கு வாங்கித்தான் அடுத்த மூட்டை கடலை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. இதற்கான ‘உத்யம்’ பதிவு இலவசம். அண்ணாச்சியிடம் சொன்னேன்.

“சட்டம் பேசுனா அடுத்த ஆர்டர் தருவானா?” என்றார்.

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தாம்பூலப் பைக்கு 500 பாக்கெட் சொல்லிவிட்டு, மொய்ப்பணம் எண்ணி முடித்த பிறகு கணக்குத் தீர்க்கிறவர்கள் உண்டு. அடுத்த விசேஷத்துக்குச் சொல்லும்போதே பாதிப் பணத்தைக் கொடுங்கள். மீதியைச் சரக்கு வந்து இறங்கிய அன்றே கொடுத்துவிடுங்கள்.

(தொடரும்)