அபேட்சகரைப் பொறுக்கி எடுப்பவர் யார்?

சேலம் நகரத்தில் ஃபேர்லேண்ட்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. பெயர்தான் ஆங்கிலம், மற்றப்படி வாசலில் கோலமும் கொல்லையில் தென்னையுமாகக் குடித்தனம் நடத்தும் கிருகஸ்தர்கள் வாழும் இடம். டாக்டர்கள், வக்கீல்கள், வியாபாரிகள், பென்ஷன் வாங்கும் உத்தியோகஸ்தர்கள் ஆகியோரில் பலருக்கு மகனோ மகளோ அமெரிக்காவில் இருப்பதால், அத்தேசத்துச் சமாசாரங்களும் காலைக் காப்பியோடு அங்கே பரிமாறப்படுகின்றன. 'பிரைமரி' என்ற சொல் அவ்வாறு வந்து சேர்ந்ததுதான். "எங்கள் பேட்டையில் பிரைமரி முடிவு வந்துவிட்டது, பழைய அங்கத்தினர் தோற்றுப் போனார்" என்று மகள் அங்கிருந்து தெரிவித்தால், "தேர்தல் நவம்பர் மாதத்தில் அல்லவா? அதற்குள் எப்படி அம்மா தோற்றார்?" என்று தகப்பனார் இங்கிருந்து கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு விடை சொல்லப் புகுந்தால், நம் ஊர்ச் சட்டசபைத் தேர்தலைப் பற்றிய ஒரு சங்கடமான கேள்வியில் அது நம்மைக் கொண்டுபோய் விடுகிறது.

பிரைமரியைப் பூர்வாங்கத் தேர்தல் எனலாம். ஒரு கட்சியின் சார்பில் யார் நிற்பது என்பதைத் தலைவர்கள் தீர்மானிக்காமல், தொகுதியிலுள்ள வாக்காளர்களே முன்கூட்டி வோட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். பெரும்பாலும் சர்க்காரே சாவடி அமைத்து, வோட்டுக்களை எண்ணி, முடிவையும் வெளியிடுகிறது. சில ராஜ்யங்களில் அக்கட்சிக்காரர் என்று பதிவு செய்துகொண்டவர் மட்டும் கலந்துகொள்ளலாம். சிலவற்றில் யாரும் கலந்துகொள்ளலாம். கலிபோர்னியா ராஜ்யத்து ஜனங்கள் 2010-இல் ஒரு விசித்திரமான ஏற்பாட்டை அங்கீகரித்தார்கள். எல்லாக் கட்சியாரும் ஒரே சீட்டில் இடம் பெறுவார்கள். முதல் இரண்டு ஸ்தானம் பெற்றவர்கள், ஒரே கட்சியாராக இருந்தாலும் சரி, இறுதித் தேர்தலில் மோதிக்கொள்வார்கள்.

இதன் வலிமையை அறிய ஓர் உதாரணம் போதும். 2020 ஜூன் 23-ஆம் தேதி நியூயார்க் ராஜ்யச் சட்டசபையின் 36-வது தொகுதிக்கு டெமாக்ரடிக் கட்சியின் பூர்வாங்கத் தேர்தல் நடைபெற்றது. 2011 முதல் அந்த ஸ்தானத்தை வகித்துவந்த அரவெல்லா சிமோடாஸ் அம்மையாரை ஜோஹ்ரான் மம்தானி என்ற இளைஞர் எதிர்த்தார். சினிமா டைரக்டர் மீரா நாயரின் குமாரர் இவர். அது கொரோனாக் காலம். தபால் வோட்டுக்கள் குவிந்துவிட்டபடியால் முடிவு தெரியச் சில வாரங்கள் பிடித்தன. கடைசியில் ஐந்நூறுக்கும் குறைவான வோட்டு வித்தியாசத்தில் மம்தானி ஜயித்தார். நவம்பரில் அவரை எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை! உண்மையான தேர்தல் ஜூன் மாதத்திலேயே முடிந்துவிட்டது. அதே மம்தானி 2025-இல், முன்னாள் கவர்னர் ஆண்ட்ரூ கூமோவைப் பூர்வாங்கத் தேர்தலில் தோற்கடித்து, நவம்பரில் நியூயார்க் நகரத்தின் மேயராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். கட்சிப் பெரியவர்கள் கூடி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தீர்மானித்திருந்தால் அந்த இளைஞருக்கு இடம் கிடைத்திருக்குமா என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

அமெரிக்காவிலும் ஆதியில் இப்படி இல்லை. கட்சி 'எஜமானர்கள்' சுருட்டுப் புகைக்கு நடுவே அபேட்சகர்களைப் பங்கிட்டுக்கொண்ட காலம் அங்கேயும் இருந்தது. விஸ்கான்ஸின் ராஜ்யத்தில் கவர்னர் லா ஃபாலெட் அதை எதிர்த்துப் பல வருஷம் போராடினார். 1904-இல் ஜனங்களே வோட்டளித்து, ராஜ்யம் முழுமைக்கும் பூர்வாங்கத் தேர்தல் என்ற சட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். அதற்காக இம்முறையைத் தெய்வாம்சம் என்று நினைத்துவிட வேண்டாம். தெற்கு ராஜ்யங்களில் டெமாக்ரடிக் கட்சி ஒன்றே செல்வாக்குப் பெற்றிருந்தது. அதன் பூர்வாங்கத் தேர்தலில் ஜயித்தவரே இறுதியிலும் ஜயிப்பார். அந்தத் தேர்தலிலேதான் நீக்ரோக்கள் என்று அன்று அழைக்கப்பட்ட கறுப்பு இனத்தவர் நுழையக்கூடாது என்று விதி செய்து வைத்திருந்தார்கள். நவம்பரில் வோட்டுப் போட அவர்களுக்கு உரிமை இருந்தாலும் பயன் என்ன? பந்தி முடிந்தபின் இலை போட்ட கதைதான். டெக்ஸாஸைச் சேர்ந்த லானி ஸ்மித் என்ற பல் வைத்தியர் வழக்காடி, 1944-இல் சுப்ரீம் கோர்ட்டில் அந்த விதியை ஒழித்தார்.

பந்தி முடிந்தபின் இலை போடுவது என்றோமே, நம் ஊர் சமாசாரம் எப்படி? 2021-ஆம் வருஷத்துச் சட்டசபைத் தேர்தலில் சேலம் வடக்குத் தொகுதியைத் தி.மு.க.வும், மேற்கைப் பா.ம.க.வும், தெற்கை அ.தி.மு.க.வும் கைப்பற்றின. ஒரே நகரம், மூன்று தொகுதி, மூன்று கட்சி! வோட்டு வித்தியாசத்தைக்கூட ஒப்பிக்கிறவர்கள் ஃபேர்லேண்ட்ஸில் உண்டு. ஆனால் அந்தந்தக் கட்சியில் எத்தனை பேர் இடம் கேட்டார்கள், இன்னார் ஏன் தேர்வானார், இன்னார் ஏன் விலக்கப்பட்டார் என்று கேட்டால் வதந்தியைத் தவிர வேறு விடை கிடைக்காது. நம் பெரிய கட்சிகளில் ஆசையுள்ளவர் கட்டணம் கட்டி விருப்ப மனுக் கொடுக்கிறார். தலைமை நிலையத்தில் நேர்காணல் நடக்கிறது. பிறகு ஒரு நாள் ஜாபிதா வருகிறது. தேர்தல் கமிஷன் கேட்பதெல்லாம் 'ஏ', 'பி' என்னும் இரண்டு படிவங்களைத்தான். மனுச் செய்யும் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் கட்சித் தலைமையின் கையெழுத்தோடு அவை அதிகாரியிடம் வந்துவிட்டால் சின்னம் கிடைத்துவிடும். அந்தக் கையெழுத்து எப்படிப் பிறந்தது என்று சட்டம் கேட்பதில்லை. 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டமும் வந்துவிட்டபடியால், சபைக்குள் போன பிறகும் அங்கத்தினர் கட்சிக் கொறடாவை மீற முடியாது. தொகுதிக்கு முன்னே தலைமைக்குக் கடன்பட்டவராகவே அவர் ஆகிவிடுகிறார்.

இது இன்று முளைத்த வழக்கமும் அன்று. 1937-இல் சென்னை மாகாணச் சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸ் 215 ஸ்தானங்களில் 159-ஐ வென்றது. அந்த வெற்றிக்காக மாகாணம் முழுவதும் தொண்டை வறளப் பிரசங்கம் செய்தவர் சத்தியமூர்த்தி. அவர் நிற்பதாக இருந்த சர்வகலாசாலைத் தொகுதியை ராஜாஜிக்காக விட்டுக்கொடுக்கும்படி நேர்ந்தது. சேலத்தில் வக்கீலாக இருந்து, இந்நகரசபையின் தலைமையையும் வகித்த ராஜாஜி பிரதம மந்திரியானார். சத்தியமூர்த்தி மந்திரிசபையில் இடம் பெறவில்லை. ராஜாஜியின் தகுதியில் நமக்கு எள்ளளவும் ஐயம் இல்லை. ஆயினும் அத்தொகுதிப் பட்டதாரிகளைக் கேட்டிருந்தால் யாரைச் சொல்லியிருப்பார்கள் என்பது தெரியாமலே போய்விட்டது.

பூர்வாங்கத் தேர்தலை இந்தியாவில் நடத்திப் பார்த்ததும் உண்டு. 2014 பார்லிமெண்டுத் தேர்தலுக்கு முன் ராகுல் காந்தியின் யோசனைப்படி, சுமார் 15 தொகுதிகளில் காங்கிரஸ் ஊழியர்களே அபேட்சகரைத் தேர்ந்தெடுத்தார்கள். புது டில்லியில் அஜய் மாக்கன், மங்களூர்ப் பக்கத்தில் ஜனார்த்தன பூஜாரி போன்ற பழம் பெருச்சாளிகளே பெரும்பாலும் வென்றார்கள். இறுதித் தேர்தலில் இருவரும் தோற்றார்கள். வதோதராவில் நடந்தது இன்னும் வேடிக்கை. நரேந்திர ராவத் என்பவர் முறைப்படி ஜயித்தார். எதிரே நரேந்திர மோடி நிற்பது தெரிந்ததும் ராவத் விலகிக்கொள்ள, மதுசூதன் மிஸ்திரி நிறுத்தப்பட்டார். ஊழியர் போட்ட வோட்டு என்ன ஆயிற்று என்று கேட்க யாருக்கும் நேரம் இல்லை.

நமக்கு அண்மையில் நடந்ததோ இவை எல்லாவற்றையும்விட ரஸமானது. சேலத்திலிருந்து ஒரு மணி நேர ரெயில் பிரயாணத்தில் ஈரோடு. அதன் கிழக்குத் தொகுதியில் 2023 பிப்ரவரி 27-இல் இடைத் தேர்தல். அ.தி.மு.க.வில் அப்போது எடப்பாடி பழனிசாமி ஒருபுறமும் ஓ. பன்னீர்செல்வம் ஒருபுறமுமாக நின்று, ஆளுக்கு ஓர் அபேட்சகரை அறிவித்துவிட்டார்கள். படிவத்தில் யார் கையெழுத்திடுவது, இரட்டை இலை யாருக்கு என்ற பிரச்னை சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. பிப்ரவரி 3-ஆம் தேதி கோர்ட்டார் ஓர் இடைக்கால ஏற்பாடு செய்தார்கள்: பொதுக்குழு அங்கத்தினர்களிடம் எழுத்து மூலம் வோட்டு வாங்கி அபேட்சகரைத் தீர்மானிப்பது, விலக்கப்பட்டிருந்த பன்னீர்செல்வம் முதலியோருக்கும் அதில் வோட்டு உண்டு. தமிழ்நாட்டுச் சட்டசபை ஸ்தானம் ஒன்றிற்குக் கோர்ட்டின் ஆணைப்படி பூர்வாங்கத் தேர்தல் என்றே இதைச் சொல்லலாம்!

மூன்று நாட்களில் முடிவும் வந்தது. அவைத் தலைவர் தமிழ்மகன் உசேன் கொடுத்த கணக்கின்படி வோட்டுரிமை பெற்றவர் 2,646 பேர், கே. எஸ். தென்னரசுவை ஆதரித்தவர் 2,501 பேர். பதில் அனுப்பாதவர் 145 பேர். எதிர்த்தவர் ஒருவரும் இல்லை. எதிர்ப்பது எப்படி? அனுப்பிய காகிதத்தில் தென்னரசுவின் பெயர் ஒன்றுதான் இருந்தது என்பது பன்னீர்செல்வம் தரப்பாரின் ஆட்சேபம். அவர்கள் நிறுத்திய அபேட்சகர் பிறகு விலகிக்கொண்டார். ஈரோடு வாக்காளர்களின் மனமோ வேறாக இருந்தது. காங்கிரஸ் சார்பில் நின்ற ஈ.வெ.கி.ச. இளங்கோவன் 1,10,156 வோட்டுக்களும் தென்னரசு 43,923 வோட்டுக்களும் பெற்றார்கள். 2,501 பேரின் ஏகமனதான தீர்மானம் தொகுதிக்குள் காலடி வைத்ததும் கரைந்துவிட்டது.

ஆகவே நாளைக்கே இங்கு பூர்வாங்கத் தேர்தல் நடத்திவிட வேண்டும் என்று நாம் கூச்சல் போடப் போவதில்லை. கட்சிகளின் அங்கத்தினர் ஜாபிதா உள்ள லக்ஷணத்தில், பணமுள்ளவர் ஒரே இரவில் ஆயிரம் அங்கத்தினர்களைச் சிருஷ்டித்துவிடுவார். ஆனால் காரணத்தைச் சொல்லுங்கள் என்று கேட்பதில் என்ன கஷ்டம்? பராந்தக சோழன் காலத்தில், 921-ஆம் ஆண்டுச் சாசனத்தில், உத்தரமேரூர் மகாசபையார் குடவோலையில் பெயர் எழுதத் தக்கவர் யார், தகாதவர் யார் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடத்துக்குள் புகமுடியாது. நிலமும் வேத சாஸ்திரப் படிப்பும் உள்ளவர்களுக்கே அங்கு இடம் என்பதும் உண்மைதான். இருந்தாலும் விதி எல்லோர் கண்ணுக்கும் எதிரே சுவரில் இருந்தது.

கல்வெட்டு அளவுக்கு இல்லாவிட்டாலும் ஒரு காகிதம் இப்போது வந்திருக்கிறது. 2020 பிப்ரவரி 13-இல் சுப்ரீம் கோர்ட்டு, கிரிமினல் வழக்குள்ள ஒருவரை நிறுத்தும் கட்சி, அவரை ஏன் தேர்ந்தெடுத்தது, வழக்கில்லாத வேறொருவரை ஏன் நிறுத்த முடியவில்லை என்பதைப் பத்திரிகையிலும் தன் இணையப் பக்கத்திலும் வெளியிட வேண்டும் என்று கட்டளையிட்டது. ஜயிக்கக்கூடியவர் என்பது மட்டும் காரணமாகாது என்றும் சொல்லிவிட்டது. அவ்வருஷமே நடந்த பீஹார் சட்டசபைத் தேர்தலில் இந்த உத்தரவைச் சரிவர அநுசரிக்காத கட்சிகளுக்கு 2021 ஆகஸ்டில் கோர்ட்டார் அபராதமும் விதித்தார்கள். பா.ஜ.க., காங்கிரஸ் உள்ளிட்ட கட்சிகளுக்கு ஆளுக்கு 1 லட்சம் ரூபாய். உத்தரவை அறவே புறக்கணித்த மார்க்ஸிஸ்டு கம்யூனிஸ்டுக் கட்சிக்கும் தேசியவாத காங்கிரஸுக்கும் ஆளுக்கு 5 லட்சம்.